மூத்த ஆசிரியர் கடன்

நன்னூலார் பொதுப்பாயிரத்துள் நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூற்று என ஐந்தனை வகுத்துரைத்தார். நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கினார். இவையாவும் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உள்ள தொடர்பு பற்றியன. மாணாக்கராய் இருந்தவர் ஆசிரியராகப் பணியேற்றபின், மூத்த ஆசிரியர் அவர்க்குச் செய்யத்தக்கது யாது என்பது ஆண்டுத் தனியே கூறப்பட்டிலது. துறை, பதவி, தகுதிகாண் பருவம் முதலியன தோன்றிய பின்னரே இவ்வினா கூர்மை பெற்றது. இதற்கு விடைகாண 19ஆம் நூற்றாண்டு நிகழ்ச்சி ஒன்று பெரிதும் துணைசெய்யும்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர் வித்துவான் தியாகராச செட்டியார். அவரும் உ. வே. சாமிநாதையரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ஒருசாலை மாணாக்கர். ஆயின் செட்டியார் மிக மூத்தவர். பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தபின், ஐயரவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவில் பாடங்கேட்டும் பாடஞ்சொல்லியும் வந்தார். 1880இல் செட்டியார் ஓய்வு பெற்றபோது, தேசிகரின் இசைவு பெற்று, தம் இடத்திற்கு ஐயரவர்களையே கொணர்ந்தார். ஐயரவர்கட்கு அப்போது அகவை 25.

இந்நிகழ்ச்சியுள் மூன்று கூறுகளைக் காணலாம். முதலாவது, தகுதியறிந்து சான்று கூறல். இரண்டாவது, ஒரு நெறியினின்றும் மற்றொரு நெறிக்கு வழிகாட்டல். மடத்திற் பாடங்கேட்போர் ஒரு நூலைத் தம் ஆற்றலுக்கேற்பக் கற்று முடிப்பர். கல்லூரியிலோ மணியும் தேர்வும் பாடத்தின் எல்லையை வகுக்கும். ஐயரவர்கட்குத் தமிழ் புதிதன்று, கல்லூரியே புதிது. இன்றைய இளம் ஆசிரியர் நிலையும் இதுவே. அவர் முனைவர் பட்டம் பெற்றவர். அறியாதது துறையின் நடைமுறை.

மூன்றாவது, தன்போக்கில் விடுதல். 1880இலேயே ஐயரவர்கள் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். அதன் பயனாகச் சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. அந்தாதியும் கோவையும் பிள்ளைத்தமிழும் பயின்ற மரபினின்று இது வேறாயதொரு பாதை. இடத்தை அளித்தவர் நடையையும் வரையறுக்க வேண்டுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

ஈண்டு ஒரு தடை எழும். ஒருசாலை மாணாக்கரைத் தம் இடத்தில் அமர்த்தல் சார்பு ஆகாதோ எனின், இக்காலத்தில் ஆகும் என்பதே விடை. பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பணியமர்த்தத்தை விளம்பரத்திற்கும் தேர்வுக்குழுவிற்கும் உரியதாக்கின. தகுதிகாண் பருவத்தை ஓராண்டு எனவும், பணி நிறைவளிக்காதவழி மேலும் ஓராண்டு நீட்டலாம் எனவும் வரையறுத்தன. உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை விதித்தன. எனவே முதற்கூறு மூத்தோர் கையினின்றும் நீங்கியது. அது முறையே. ஏனை இரண்டும் நீங்கவில்லை. உண்மையில் அவற்றின் பொறுப்பு மிகுந்துள்ளது.

அவை செயலளவில் யாவை? இளையவர் வகுப்பில் ஒருநாள் அமர்ந்து கேட்டு, கண்ட குறையைத் தனித்துரைத்தல். குழுவில் உரைத்து நாணச் செய்யாமை. ஆய்வேட்டை நூலாக்குங்கால் கைப்படியைப் படித்தல். ஆனால் கட்டுரையில் தம் பெயரைச் சேர்க்கக் கோராமை. மூத்தோர் வேண்டாவெனத் தள்ளிய தாள்களையும் அலுவல்களையும் அவர்மேலேயே சுமத்தாமை. பணியுறுதிக்குரிய சான்றுகளை முதல் நாள் தொட்டே தொகுக்குமாறு நினைவூட்டல். விதி கால அளவைக் கூறும். இவற்றைச் செய்ய மனிதரே வேண்டும். இவை இல்லாத துறையில் ஓராண்டு தேர்வுக்காலமாக அன்றி அச்சக்காலமாகவே கழியும். அச்சத்திற் பயின்றவர் பின்னர்த் தம் இளையோர்க்கும் அதனையே வழங்குவர்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு ஐயரவர்கள் 'தியாகராச விலாசம்' எனப் பெயரிட்டார். செட்டியார் மறைந்தது 1888இல். ஐயரவர்கள் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்ததோ 1903இல். வழிகாட்டியவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரும் அவர் பெயர் வாயிலில் நின்றது. அவ்வில்லம் இன்றில்லை. அப்பெயர் உணர்த்திய கடப்பாடு நம் துறைகளில் உளதாதல் வேண்டும்.