இரட்டைக் கணிப்பொறிகளும் இரட்டை வழிகளும்

வங்கியிற் பணம் எடுக்கச் செல்லுகிறோம். நம் கணக்கு எங்கோ தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறியில் இருக்கிறது. அப்பொறி பழுதுற்றால் வந்தவர் அனைவரும் காத்து நிற்க வேண்டியதுதான். ஆகவே, ஒரு பொறியின் பணிக்கு இரு பொறிகளை அமைத்து, ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று உடனே அப்பணியை ஏற்கும்படி செய்கின்றனர். இவ்வாறு கூடி இயங்கும் பொறிகளின் தொகுதிக்குக் கிளஸ்டர் என்று பெயர். பொறிகளை இரட்டிப்பது எளிது. அவற்றை இணைக்கும் வழிகளைச் செம்மையாக அமைப்பதே அரிது. அவ்வமைப்பின் இயல்பை ஈண்டுக் காண்போம்.

ஒவ்வொரு பொறிக்கும் தனக்கென ஓர் ஐ.பி. முகவரி உண்டு. ஆயினும், சேவையை நாடுவோர் அவ்விரண்டையும் அறிய வேண்டுவதில்லை. மூன்றாவதாக ஒரு பொது முகவரி இருக்கிறது. பணியிலுள்ள பொறியே அதனைத் தாங்கி நிற்கும். அது ஓய்ந்தால், மற்றது அம்முகவரியை ஏற்று, "இனி இது என்னுடையது" என்று அண்டையிலுள்ள பொறிகளுக்கெல்லாம் தானே முன்வந்து அறிவிக்கும். 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஏ.ஆர்.பி. என்னும் நெறியே இதற்குக் கருவி. இவ்வறிவிப்பு இல்லையேல், அண்டைப் பொறிகள் பழைய நினைவினாலே ஓய்ந்த பொறிக்கே செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

ஆனால், ஒரு கம்பி அறுந்ததற்காகப் பணி முழுவதையும் இடம் மாற்றுவது தகாது. எனவே, ஒவ்வொரு பொறியிலும் இரு வலையட்டைகளைப் பொருத்தி, அவற்றை ஒன்றேபோல் இயங்கப் பிணைக்கின்றனர். லினக்ஸ் இயக்க முறையில் இதனைப் பாண்டிங் என்பர். அதன் ஒரு வகையில், ஓர் அட்டை உழைக்க, மற்றது காத்திருக்கும். நொடிக்குப் பத்து முறை, அதாவது 100 மில்லி நொடிக்கு ஒரு முறை, இணைப்பைச் சோதிக்கும்படி அமைப்பது பெருவழக்கு.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இரு கம்பிகளும் ஒரே ஸ்விட்சில் சென்று சேர்ந்தால், அந்த ஸ்விட்ச் பழுதுறும்போது இரண்டும் ஒருங்கே பயனற்றுப் போகும். இரு ஸ்விட்சுகள் இருந்தும் ஒரே மின்னிணைப்பில் இயங்கினால் நிலைமை அதுவே. வழிகள் எத்தனை என்று எண்ணுவதினும், அவற்றுக்குப் பொதுவாய் நிற்பது யாது என்று தேடுவதே அறிவுடைமை.

மற்றொன்று: மேற்கூறிய சோதனை அருகிலுள்ள கம்பியை மட்டுமே காணும். ஸ்விட்சுக்கு அப்பால் வழி அறுந்திருந்தாலும், அட்டையின் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். அதற்குப் பதிலாக, அப்பாலுள்ள ஒரு பொறிக்கு இடையிடையே ஏ.ஆர்.பி. வினாவை அனுப்பி, விடை வருகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு.

இனி, இரு பொறிகளும் ஒன்றன் நலத்தை மற்றொன்று அறிவது எங்ஙனம்? இடைவிடாமற் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இதனை இதயத்துடிப்பு என்பர். பொதுச் செய்திகளின் நெருக்கடியில் துடிப்பு சிக்குண்டு போகாதிருக்க, அதற்குத் தனி அட்டையும் தனி வழியும் அமைத்தல் நலம். அவ்வழிக்கும் ஒரு மாற்றுவழி இன்றியமையாதது.

ஏனெனில், துடிப்பு கேட்கவில்லை என்பதனால் மற்றப் பொறி இறந்துவிட்டது என்று துணிதல் ஆகாது. இடையிலுள்ள வழி மட்டும் அறுந்திருக்கலாம். அப்போது இரு பொறிகளும், "நானே தலைவன்" என்று பணியாற்றத் தொடங்கும். ஒருவர் கணக்கில் 10,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பொறி தன்னிடமுள்ள ஏட்டைப் பார்த்து அதனை வழங்கும். மற்றொன்றும் தன் ஏட்டைப் பார்த்து அதே தொகையை வழங்கும். பின்னர் எந்த ஏட்டை மெய்யெனக் கொள்வது? சேவை சிறிது நேரம் நின்றிருந்தால் விளையும் தொல்லையினும் இது பெரிதன்றோ!

இக்கேட்டைத் தவிர்க்க இரு காவல்கள் உள்ளன. மூன்றாவது பொறியொன்றைச் சாட்சியாக வைத்து, பெரும்பான்மை வாக்குப் பெற்ற பொறியே பணியாற்றலாம் என விதிப்பது ஒன்று. பணியை ஏற்குமுன் எதிர்ப்பொறியின் மின்சாரத்தைத் துண்டித்து, அது ஓய்ந்ததை உறுதி செய்துகொள்வது மற்றொன்று. இத்துண்டிப்பு ஆணை செல்லும் வழியும், துடிப்பு செல்லும் வழியும் ஒன்றாகவே இருத்தல் கூடாது.

இவ்வளவும் அமைத்தபின், சேவை தொடங்குமுன்னரே கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும், ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்தியும் பார்த்தல் வேண்டும். காத்திருக்கும் வழி காக்கும் வழிதானா என்பது, அவ்வழி சோதிக்கப்பட்ட பின்னரே தெளிவாகும்.