கூகுளில் முதலிடம்: விலைக்கு வாங்க முடியாத சாட்சி

எமது வர்த்தகர்கள் பலர் இன்று தமது வியாபாரத்துக்கென இணையத்தளம் ஒன்றை அமைத்துள்ளனர். ஆயினும், "பணம் செலவழித்துத் தளம் செய்தோம், கூகுளில் தேடினால் எங்கள் கடையைக் காணவில்லை" என்ற முறைப்பாட்டையே அதிகம் கேட்க முடிகிறது. இந்த ஏமாற்றத்தைப் பயன்படுத்தி, "ஒரே மாதத்தில் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என மின்னஞ்சல் அனுப்புவோரும் உள்ளனர். அவர்களுக்குப் பணம் கொடுக்கு முன்னர், தேடுபொறி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

தேடுபொறியின் வேலை மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலில், அதன் மென்பொருள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்பற்றி அடுத்த பக்கத்துக்குச் சென்று வாசிக்கிறது. இரண்டாவதாக, வாசித்தவற்றை அட்டவணைப்படுத்தி வைக்கிறது. மூன்றாவதாக, ஒருவர் தேடும்போது பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. எங்கிருந்தும் இணைப்பு இல்லாத தளம், வீதியிலிருந்து பாதை இல்லாத கடையைப் போன்றது.

வரிசையைத் தீர்மானிப்பது எது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகியோர் 1998இல் கூகுளை ஆரம்பித்தனர். ஒரு தளம் மற்றொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஒரு சாட்சியமாக அவர்கள் கருதினர். 'பேஜ்ராங்க்' எனப்படும் இம்முறையில் எல்லாச் சாட்சியமும் சமமானதல்ல. பலராலும் மதிக்கப்படும் தளத்தின் இணைப்புக்குப் பெறுமதி அதிகம். 300 தளங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் பக்கத்தை விட, 3 தளங்களுக்கு மட்டும் கொடுக்கும் பக்கத்தின் ஒவ்வோர் இணைப்புக்கும் கனம் கூடுதல். இன்று கூகுள் வேறு பல அம்சங்களையும் கவனிக்கிறது. எனினும் இணைப்புகள் இன்னும் கணக்கிலெடுக்கப்படுகின்றன.

ஓர் உதாரணம்

பேருவளை சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது பக்கத்தின் தலைப்பு 'முகப்பு' என்று மட்டும் இருந்தால் பயனில்லை. விற்கும் பொருளும் ஊரும் அதில் இடம்பெற வேண்டும். வாங்குபவர் ஆங்கிலத்தில் தேடுவாராயின் பக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். சூடாக்கப்பட்ட கல்லுக்கும் இயற்கையான கல்லுக்கும் உள்ள வித்தியாசம் என்ன, விலை ஏன் மாறுகிறது என்பதை அவர் நேர்மையாக விளக்கி எழுதினால், பிறர் தாமாகவே அப்பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பர். அவர் உறுப்பினராகவுள்ள வர்த்தக சங்கம், பங்குபற்றிய கண்காட்சி, அவரிடம் கல் வாங்கும் நகைக்கடை ஆகியவற்றின் தளங்களிலும் தமது முகவரியைச் சேர்க்குமாறு கேட்கலாம். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லா இடங்களிலும் ஒரேமாதிரியாக இருப்பது அவசியம்.

குறுக்கு வழியின் முடிவு

அமெரிக்காவின் ஜே.சி. பென்னி பெருங்கடை, 2010ஆம் ஆண்டின் இறுதியில் பல பொருட்களுக்கான தேடலில் கூகுளின் முதலிடத்தில் இருந்தது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் போடப்பட்டிருப்பதை 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், முதலிடத்தில் இருந்த சில தேடல்களில் அந்தக் கடை எழுபதாம் இடத்தளவுக்குத் தள்ளப்பட்டது. தமக்கு எதுவும் தெரியாது என்று கூறிய நிறுவனம், தனது தேடுபொறி ஆலோசகர்களை நீக்கியது. ஆனால் தண்டனை கடைக்கே கிடைத்தது. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்ற மாற்றத்தின் மூலம் கூகுள் இத்தகைய தளங்கள் மீதான பிடியை மேலும் இறுக்கியது.

விளம்பரம் என்று குறிப்பிட்டு, பணம் கொடுத்துக் கூகுளில் இடம் பெறுவதில் தவறில்லை. ஆனால் அது சாதாரண வரிசையை உயர்த்தாது. விளம்பரம் என்பதை மறைத்து இணைப்புகளை விலைக்கு வாங்குவதோ, காசு கொடுத்துச் சாட்சி சொல்ல ஆள் பிடிப்பதற்கு ஒப்பானது. கூகுளின் விதி தடுப்பதற்கு முன்பே எமது மார்க்கம் தடுத்த காரியம் அது.

எனவே, முதலிடத்துக்கு உத்தரவாதம் தருவோரிடம், "எந்தெந்தத் தளங்களில் இணைப்பு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவில்லை எனில் பணத்தைக் கொடுக்காதீர்கள். கடைக்கு நற்பெயர் கிடைக்கக் காலம் எடுப்பது போல, இதற்கும் பல மாதங்கள் செல்லும். பொறுமையோடு நேர்வழியில் முயன்றால், இன்ஷா அல்லாஹ், பலன் நிலைக்கும்.