இரண்டாவது மிதிக்கு எழும் பெடல்

முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும் அளவுக்கு இறங்குகிறது. காலை எடுத்து உடனே இன்னொரு முறை மிதித்தால் பாதி வழியிலேயே கல்லுப்போல நிற்கிறது. பழைய ஜிஎம்சி மோட்டார் ஹோமின் பின்சக்கரங்களில் டிரம்மைக் கழற்றி டிஸ்க் பூட்டும்போது வரக்கூடிய தொல்லை இது. டிஸ்க், காலிபர், பேட் எல்லாம் புதிது. பிரேக் மட்டும் முன்பிருந்ததைவிட மோசம்.

1973 முதல் 1978 வரை அமெரிக்காவில் தயாரான வண்டி அது. படுக்கையும் சமையல் மேடையும் கொண்ட ஓடும் வீடு. ஓல்ட்ஸ்மொபில் டொரனாடோ காரிலிருந்து வந்த எஞ்சின், முன்சக்கர இயக்கம். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரங்கள், நான்கிலும் டிரம் பிரேக். எடை 5 டன்னை நெருங்கும். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் அந்த எடையை ஒருமுறை நிறுத்தினால் எழும் வெப்பம், 30 டிகிரியில் உள்ள 5 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். மலை இறக்கத்தில் இந்த வெப்பம் ஓயாமல் சேரும். டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது. டிஸ்க்கோ காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறுகிறது. ஆகவே மாற்ற நினைப்பது நியாயமான ஆசைதான்.

ஆனால் கணக்கு சக்கரத்தோடு முடிவதில்லை. டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் பிஸ்டன் சுமார் 25 மி.மீ. விட்டமுள்ளது. காலிபர் பிஸ்டன் 75 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், பரப்பு ஒன்பது மடங்கு. அது 0.3 மி.மீ. நகர 1.3 மி.லி. பிரேக் ஆயில் வேண்டும், நான்கு சக்கரத்துக்கு 5 மி.லி.க்கு மேல். இதைத் தள்ள, பெடலோடு இணைந்த 28.6 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 8 மி.மீ. நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் நான்கு என்றால், காலடியில் அது 3 செ.மீ.க்கு மேல். பேட் மயிரிழை கூடுதலாகப் பின்வாங்கினாலும் பெடல் கீழே போய்விடுகிறது. இரண்டாவது மிதியில் எழுவது ஏனென்றால், முதல் மிதியில் போன ஆயில் முழுதும் திரும்புவதற்குள் அடுத்த தவணை போய்ச் சேர்கிறது.

அப்படியானால் 31.75 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரைப் போடலாமே? போடலாம். பெடல் இறங்கும் தூரம் 19 சதவீதம் குறையும். அதே காலுக்குக் கிடைக்கும் அழுத்தமும் 19 சதவீதம் குறையும். பாஸ்கல் விதி இனாமாக எதையும் தராது. அதோடு டிரம்மின் ஷூ, சுழற்சியின் இழுப்பிலேயே தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. எனவே கால் விசையைப் பெருக்கும் பூஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்காமல் பெரிய சிலிண்டரை வாங்குவது வீண்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது காற்று. பிஸ்டனுக்கு ஆயில் போதாமல் இறங்கும் பெடல் கடைசியில் கெட்டியாக நிற்கும்; குழாயில் காற்றிருந்தால் பஞ்சுபோல அமுங்கும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பஞ்சு போகவில்லையென்றால், காலிபரில் காற்றை வெளியேற்றும் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பாருங்கள். இடது காலிபரை வலதில் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் அடியில் போய்விடும். காற்றுக் குமிழி மேலே தங்க, வெறும் ஆயில்தான் வெளியே வரும். நாள் முழுக்க உழைத்தவரை அழவைக்கும் பிழை இது.

நேர்மாறான நோயும் உண்டு: காலை எடுத்த பிறகும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருந்தால், டிஸ்க்கில் அதுவே பேடை எப்போதும் உரசவைக்கும். சக்கரம் சுற்ற மறுக்கும்போது நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் லைனில் சிக்கியிருக்கிறது. அடுத்த முறை பிடிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பூட்டும் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தினால் விடுபடுகிறதா? பூஸ்டர் தண்டு நீளமாக இருந்து, ஆயில் திரும்பும் துளையை அடைத்திருக்கிறது. தளர்த்தியும் விடவில்லையென்றால் வால்வைத் தேட வேண்டும்.

கடைசியாகக் கைப்பிரேக். பழைய டிரம்மில்தான் அது வேலை செய்தது. கைப்பிரேக் வசதியில்லாத காலிபரைப் பூட்டினால், சரிவில் நிறுத்திவிட்டு உள்ளே தூங்குகிறவர்களைப் பிடித்துவைப்பது கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு கொக்கி மட்டும்தான். அதுவும் முன்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அதற்கொரு வழி செய்யும்வரை இந்த வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.