தொண்டையில் தொடங்கி இதயம் வரை

"எங்கே, 'ஆ' என்று வாயைத் திற!"

தொண்டை வலியோடு மருத்துவரிடம் போனால் அவர் முதலில் சொல்வது இதுதான் அல்லவா? கையில் ஒரு சிறு விளக்கு. நாக்கை அழுத்த ஒரு தட்டைக் குச்சி. அந்தச் சில வினாடிகளில் அவர் என்ன தேடுகிறார் தெரியுமா?

குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரசுகளால் வருபவை. சில நாட்களில் தாமாகவே குணமாகிவிடும். பெனிசிலின் போன்ற மருந்துகள் வைரசை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சில தொண்டை வலிகளுக்கு 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா காரணமாகும். நுண்ணோக்கியில் பார்த்தால் கோத்த மணிகளைப் போலத் தெரியும் இவ்வகைக் கிருமிகளுக்கு 1874இல் இந்தப் பெயரை இட்டவர் தியோடர் பில்ராத் என்ற அறுவை மருத்துவர்.

இந்தத் தொண்டை வலியும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். பிறகு ஏன் கவலைப்பட வேண்டும்? ஆபத்து அதற்குப் பின்னர்தான் வருகிறது. கிருமியை அழிக்க நம் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. கிருமியின் மேலுள்ள சில புரதங்கள், நம் இதயத்திலுள்ள சில புரதங்களைப் போலவே இருக்கின்றன. ஆகவே சில குழந்தைகளின் உடலில் எதிர்ப்பொருள்கள் ஆள் தெரியாமல் சொந்த இதயத்தையே தாக்குகின்றன. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வரும். மூட்டுகள் வீங்கி வலிக்கும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி போய்விடும். ஆனால் இதய வால்வுகளில் விழும் வடு சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும். தொண்டை வலி தொடங்கிய 9 நாட்களுக்குள் பெனிசிலின் கொடுத்தால் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

எனவே கேள்வி இதுதான்: வந்திருப்பது வைரசா, ஸ்ட்ரெப்டோகாக்கஸா?

ஆய்வுக்கூடம் இருந்தால் விடை காண்பது எளிது. பஞ்சு சுற்றிய குச்சியால் தொண்டையைத் தடவி, செம்மறியாட்டு இரத்தம் கலந்த அகார் தட்டில் தேய்த்து, உடற்சூட்டில் வைப்பார்கள். இந்தக் கிருமி வளர்ந்தால், ஓரிரு நாட்களில் அதைச் சுற்றியுள்ள இரத்தம் சிதைந்து தெளிந்த வளையம் தோன்றும். சில நிமிடங்களில் விடை தரும் விரைவுச் சோதனைகளும் இன்று உள்ளன. ஆனால் இவை எதுவும் இல்லாத சிறு மருத்துவ நிலையத்தில் என்ன செய்வது?

அங்கே கண்ணும் விரலுமே கருவிகள். மூக்கொழுகலும் இருமலும் இருந்தால் பெரும்பாலும் வைரசுதான். தொண்டைச் சதையில் வெண்மையாகச் சீழ் படிந்திருந்தாலோ, கழுத்தின் முன்புறம் நெறி கட்டியிருந்தாலோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மீது ஐயம் எழும். உலகச் சுகாதார நிறுவனம் சிறு குழந்தைகளுக்கென ஒரு விதியை வகுத்திருந்தது. சீழ் படிந்திருக்க வேண்டும். நெறி கட்டித் தொட்டால் வலிக்கவும் வேண்டும். இவை சேர்ந்து இருந்தால் மட்டும் பெனிசிலின் கொடு என்பதே அது.

எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் இந்த விதியைச் சோதித்துப் பார்த்தார்கள். தொண்டை வலியோடு வந்த 451 குழந்தைகளை முதலில் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு அகார் தட்டிலும் சோதித்தார்கள். முடிவு 1997இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வின் விகிதப்படி 100 குழந்தைகள் வந்தால், 24 பேரிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும். 76 பேரிடம் இராது. பழைய விதி அந்த 24 பேரில் 12 விழுக்காட்டினரை, அதாவது ஏறக்குறைய 3 பேரை மட்டுமே கண்டுபிடித்தது. 21 பேர் மருந்தின்றி வீடு திரும்புவார்கள்! மற்ற 76 பேரில் வீணாக மருந்து பெறுவோர் சுமார் 5 பேர்.

ஆய்வாளர்கள் விதியைச் சற்று மாற்றிப் பார்த்தார்கள். சீழ் அல்லது நெறி, இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்றார்கள். இப்போது 24 பேரில் 20 பேர் அகப்பட்டார்கள். தப்பியவர்கள் 4 பேர்தான். ஆனால் கிருமி இல்லாத 76 பேரில் ஏறக்குறைய 46 பேருக்கும் மருந்து போய்விடும்.

இரண்டு விதிகளிலும் தவறு நேர்கிறது, பார்த்தீர்களா? எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளலாம்? வீணாகக் கொடுக்கும் பெனிசிலினுக்குச் செலவு உண்டு. மிகச் சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். உடலிலுள்ள வேறு பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளவும் கூடும். மறுபக்கத்தில், தப்பவிட்ட ஒரு குழந்தையின் இதய வால்வு பழுதாகலாம். ருமாட்டிக் காய்ச்சல் அரிதாக உள்ள நாட்டில், சோதனை முடிவு வரும்வரை காத்திருப்பது நல்லது. அது மிகுதியாக உள்ள இடத்தில், ஆய்வுக்கூடமும் இல்லையென்றால், 'அல்லது' என்ற விதியின் பக்கமே தராசு சாயும். ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் விதி மாறுவதன் காரணம் இதுவே.

உங்களுக்கோ தம்பி தங்கைக்கோ காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பெனிசிலின் மாத்திரையை 10 நாட்களுக்குத் தந்தால், மூன்றாம் நாளே வலி போய்விட்டாலும் பத்து நாளும் சாப்பிடுங்கள். அந்த மருந்து உங்கள் தொண்டைக்காக மட்டும் தரப்பட்டதன்று, இதயத்துக்காகவும்தான்.