கப்பல் பதிவேட்டிலிருந்து குலதெய்வக் கோயில் வரை

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது குறித்த ஆண்டுகள் உழைக்க உடன்பட்டவர்களாக, ஏறத்தாழ 1,52,000 இந்தியர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். ஒவ்வொருவருக்கும் தனி எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றைக் குறித்த கப்பல் பதிவேடுகளே இன்று அவர்தம் வழித்தோன்றல்களுக்கு முதற்சான்று.

ஆயினும், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்கள் உருத்தெரியாமல் சிதைந்திருப்பதும், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு போன்ற அன்றைய மாவட்டங்கள் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டுவிட்டதும் மூதாதையர் ஊரைத் தேடுவோரைத் திணறடிக்கின்றன. இவ்விடத்தில் காப்பகத்தைவிட, முன்பின் அறியாத அவ்வட்டாரத்தாரே கைகொடுக்கக் கூடியவர்கள்: சிதைந்த பெயரை வாய்விட்டுப் படித்து அது எந்தப் பட்டி, எந்தப் பாக்கம் என ஊகிக்கும் தபால்காரர், பழைய நிலக் கணக்குகளைப் பற்றி வழிகாட்டும் கிராம நிர்வாக அலுவலர், குடும்பம் வழிவழியாக வணங்கும் குலதெய்வத்துக்கு எந்தப் பங்காளிகள், அதாவது தந்தைவழி உறவினர், பொங்கலிடுகின்றனர் என்பதை நினைவில் வைத்திருக்கும் பூசாரி. பதிவின்போது சாதியை மாற்றிச் சொன்னவர்களும் உண்டாதலால், கடல் கடந்தும் மறவாத அத்தெய்வத்தின் பெயரே சில வேளை உறுதியான துப்பாகிவிடும். பெண்கள் நிலை சற்று விந்தையானது. ஊரார் சொல்லும் வம்சாவளியில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் அவர்கள், பதிவேட்டில் தமக்கென ஓர் எண்ணோடு நிற்கின்றனர்.