துப்பாக்கி ஏந்திய கையில் தண்ணீர்க் குவளை

பட்டாளம் வருகிறதென்றால் பாதை ஒதுங்கும். பாமரன் நெஞ்சு படபடக்கும். அப்படிப்பட்ட பட்டாளம் ஒன்று, "வாருங்கள், எங்களோடு சேர்ந்து ஓடுங்கள்" என்று குடிமக்களை அழைத்தது! எந்தப் பட்டாளம்? அமெரிக்காவின் மரைன் படை. கப்பலில் சென்று எதிரியின் கரையில் இறங்கி முதலடி கொடுக்கும் படை. அழைத்த ஆண்டு 1976. ஏன் அழைத்தது? இழந்துவிட்ட மக்கள் மதிப்பை மீட்டெடுக்க!

தோழர்களே, இது ஓர் ஓட்டப் பந்தயத்தின் கதை. ஆனால் அதற்குள்ளே ஒரு போரின் கதையும், அப்போரில் மடிந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கதையும் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவேதான் உழைப்பவன் அதை அறிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

1965 மார்ச் 8ஆம் நாள், வியட்நாமின் டானாங் கரையில் மரைன் படை இறங்கியது. அமெரிக்கா அந்த மண்ணில் இறக்கிய முதல் தரைப்போர்ப் படை அதுதான். அதன் பிறகு கப்பல் கப்பலாக இளைஞர்கள் சென்றனர். யார் வீட்டு இளைஞர்கள்? கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் எல்லோருக்கும் பொதுதான், ஏட்டளவில்! நடைமுறையிலோ, கல்லூரியில் படிப்பவனுக்குத் தவணை உண்டு. கல்லூரிக்குப் போக வசதி படைத்தவன் தப்பினான். ஆலைக்கும் வயலுக்கும் போனவன் அகப்பட்டான். 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டனர். அவர்களில் மரைன் படையினர் மட்டும் 13,000க்கு மேல். மாண்ட வியட்நாமியரோ லட்சோபலட்சம்!

மக்கள் வாய்மூடிக் கிடந்தார்களா? இல்லை. 1967 அக்டோபர் 21ஆம் நாள், தலைநகர் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தருகே திரண்ட பல்லாயிரவர், ஆற்றுப் பாலத்தைக் கடந்து, போர்த்துறைத் தலைமையகமான பென்டகனை நோக்கி நடந்தனர். வாசலில் துப்பாக்கியோடு நின்றனர் சிப்பாய்கள். அந்தத் துப்பாக்கிக் குழலிலே பூவைச் செருகினான் ஓர் இளைஞன்! 1971 ஏப்ரலில் அதனினும் கசப்பான காட்சி. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களே நாடாளுமன்றப் படிகளுக்கு வந்து, தாங்கள் பெற்ற பதக்கங்களைக் கழற்றி வீசியெறிந்தனர். பதக்கம் குப்பையாயிற்று, அதை வழங்கிய அரசின் மானம் காற்றில் பறந்தது.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. இனி இழுத்து வர முடியாது, அழைத்துத்தான் ஆகவேண்டும். 1975 ஏப்ரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. அமெரிக்கத் தூதரகத்தின் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் கடைசியாகப் புறப்பட்டவர்கள் மரைன் சிப்பாய்கள். முதலில் இறங்கியவர்களும் அவர்களே. கடைசியில் கிளம்பியவர்களும் அவர்களே!

அதற்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1975 அக்டோபர் 17ஆம் நாள், கர்னல் ஜிம் பௌலர் என்ற மரைன் அதிகாரி தம் மேலதிகாரியான தளபதி மைக்கேல் ரையனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். தலைநகரில் நாம் ஒரு மாரத்தான் ஓட்டம் நடத்தினால் என்ன என்பதே அதன் சாரம். படைமீது மக்களுக்கு நல்லெண்ணம் பிறக்கும். படையின் பெயர் பரவும். உடற்பயிற்சிக்கு ஊக்கம் கிடைக்கும். புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தானுக்குத் தகுதி பெற அப்பகுதி வீரர்களுக்கு ஒரு வாய்ப்பும் அமையும் என்று அவர் கணக்கிட்டார்.

காலமும் கைகொடுத்தது. 1972 மூனிச் ஒலிம்பிக்கில் பிராங்க் ஷார்ட்டர் என்ற அமெரிக்கர் மாரத்தானில் தங்கம் வென்றதிலிருந்து, அந்நாட்டில் ஓடுவோர் தொகை பெருகிக்கொண்டே வந்தது. 1976 நவம்பர் 7ஆம் நாள் ஓட்டம் நடந்தது. மரைன் படையின் ரிசர்வ் பிரிவு அதை நடத்தியது. 42.195 கிலோமீட்டர் தொலைவு! 1,175 பேர் ஓட வந்தனர். மூனிச்சில் நான்காவதாக வந்த கென்னி மூர், 2 மணி 21 நிமிடம் 14 விநாடியில் முதலாவதாக வந்தார்.

பெண்களும் ஓடினர். இதைச் சிறிய செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். 1967இல் பாஸ்டன் ஓட்டத்தில் கலந்துகொண்ட கேத்தரின் ஸ்விட்சர் என்ற பெண்ணின் எண் அட்டையைப் பிடுங்கப் பாய்ந்தார் ஓர் அதிகாரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே! 1972இல்தான் அங்கே பெண்களுக்கு முறைப்படி இடம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததோ 1984இல். அதற்கு எட்டாண்டு முன்பே, ஆண்களின் கோட்டை என்று பெயரெடுத்த ஒரு படை நடத்திய ஓட்டத்தில், சூசன் மாலரி மூன்று மணிக்கும் குறைந்த நேரத்தில் ஓடி முடித்துப் பெண்களில் முதல்வரானார்.

1978இல் ரிசர்வ் பிரிவின் கையிலிருந்து முழுநேரப் படையின் கைக்கு ஓட்டம் மாறியது. மரைன் படை மாரத்தான் என்ற பெயர் நிலைத்தது. பின்னாளில் நிலைபெற்ற பாதையிலே, ஓட்டம் முடிகிற இடம் ஆர்லிங்டனில் உள்ள ஐவோ ஜீமா நினைவுச் சின்னம். வழியெங்கும் மரைன் சிப்பாய்கள் நின்று தண்ணீர் தருவார்கள். இறுதியில் இளம் அதிகாரிகள் பதக்கம் அணிவிப்பார்கள். முதலாவதாக வந்தவனுக்கு மட்டுமல்ல, ஓடி முடித்த ஒவ்வொருவருக்கும்!

பணமுடிப்பு? கிடையாது. பாஸ்டன் ஓட்டமே 1986இல் பணப்பரிசுக்கு மாறிய பின்னும் இவர்கள் மாறவில்லை. முதல்வனுக்கும் காசில்லை, கடைசியாக வந்தவனுக்கும் காசில்லை. அதனால்தான் மக்கள் மாரத்தான் என்று பெயர் வந்தது.

சிலர் கேட்பார்கள்: இது விளம்பரம்தானே? ஆள்பிடிக்கும் தந்திரம்தானே? ஆம், விளம்பரம்தான்! பௌலரின் குறிப்பே அதை மறைக்கவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். பீரங்கி வைத்திருப்பவன், விமானம் வைத்திருப்பவன், கோடி கோடியாக வரிப்பணம் பெறுபவன், எதற்காகச் சாமானியனிடம் வந்து நல்லெண்ணம் கேட்கிறான்? சாமானியன் "வரமாட்டேன்" என்று சொல்லத் தொடங்கியதனால்! பூச்செருகிய கையும் பதக்கத்தை வீசிய கையும் செய்த வேலை அது. ஊர்வலம் போவதால் என்ன பயன் என்று கேட்போருக்கு வாஷிங்டன் வீதிகள் பதில் சொல்லும். 1967இல் மக்கள் பென்டகனை நோக்கி நடந்தார்கள். 1976இல் படை மக்களை நோக்கி ஓடி வந்தது.

ஓடுகிறவனை நாம் குறை சொல்லோம். தண்ணீர் தரும் சிப்பாயும் ஒரு தொழிலாளியின் மகனாக இருக்கலாம். காசில்லாப் பந்தயத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சிரைக்க ஓடுவது நல்ல காட்சியே, வரவேற்கிறோம். ஆனால் ஒன்றை மட்டும் மறவோம். தண்ணீர்க் குவளை தாகத்தைத் தீர்க்கும். பழைய கணக்கைத் தீர்க்காது. வியட்நாமின் வயல்களில் விழுந்தவர்கள் எந்த ஓட்டத்திலும் எல்லைக்கோட்டைத் தொடப்போவதில்லை.

படைக்கு மக்கள் மதிப்பு வேண்டுமா? ஆண்டுக்கொரு நாள் மக்களோடு ஓடட்டும், நல்லது. மற்ற நாட்களில் ஏழை வீட்டுப் பிள்ளையை அநியாயப் போருக்கு அனுப்பாமல் இருக்கட்டும். அந்தப் பந்தயத்தில் வெல்பவனுக்கே உண்மையான பதக்கம். அதை அணிவிக்கும் உரிமை மக்களுக்கே உண்டு!