கோயமுத்தூர் பேராசிரியரின் தாராவிக் கணக்கு

ஹடப்சரில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு சீரம் இன்ஸ்டிட்யூட் தெரியாத பெயர் அல்ல. 1966-ல் அது தொடங்கியதற்குக் காரணம் குதிரைகள் என்பது பலருக்குத் தெரியாதிருக்கலாம். சைரஸ் பூனாவாலாவின் குடும்பம் பந்தயக் குதிரை வளர்த்து வந்தது. ஓட்டம் ஓய்ந்த குதிரைகள் பம்பாய் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயின. அவற்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைக் கொண்டு அங்கே மருந்து தயாரித்தார்கள். குதிரை நம்முடையது, மருந்தையும் நாமே செய்தால் என்ன என்று பிறந்தது இந்த ஸ்தாபனம். காலப்போக்கில் குதிரை பின்னுக்குப் போயிற்று. மருந்தைச் சுத்தமாகவும் மலிவாகவும் ஏராளமாகவும் தயாரிக்கும் திறமை நின்றது. ஆப்பிரிக்க நாடுகளுக்கான மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை அரை டாலருக்கும் குறைந்த விலையில் 2010-ல் கொடுக்க முடிந்தது அந்தத் திறமையால்தான்.

ஒரு கம்பெனியின் உண்மையான சொத்து அது விற்கும் சரக்கல்ல, சரக்கைச் செய்யக் கற்றுக்கொண்ட கூட்டுத் திறமையே என்பதை உலக முதலாளிகளுக்குப் பாடமாக நடத்தியவர் ஒரு கோயமுத்தூர்க்காரர். ஊர்ப் பெயரையே முதலெழுத்தாகக் கொண்ட சி.கே. பிரகலாத் அவர்.

<b>ரேட் போட்ட இளைஞர்</b>

1941-ல் பிறந்த பிரகலாதின் தந்தை சமஸ்கிருத பண்டிதர், நீதிபதி. சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகம் படித்துவிட்டு, 19-வது வயதில் யூனியன் கார்பைடு பாட்டரி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். எந்த வேலைக்கு எவ்வளவு ரேட் என்று கணக்கிடுவதும், அதைத் தொழிற்சங்கத்தாரோடு பேசி முடிப்பதும் அவர் பொறுப்பு. கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நிற்கிறவரை எந்தத் தொழிலாளிக்கும் பிடிப்பதில்லை! ஆனால் கணக்கு நேர்மையாக இருந்தால் சங்கத்தார் நியாயமாகவே பேசுவார்கள் என்பதை அங்கே கற்றதாகப் பின்னாளில் அவர் கூறியதுண்டு.

நாலு வருஷத்துக்குப் பிறகு ஆமதாபாத் இந்திய நிர்வாகவியல் கழகத்தின் முதல் அணியில் சேர்ந்து 1966-ல் தேறினார். 1975-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். ஆமதாபாதுக்கே திரும்பிப் பாடம் நடத்தினார். 1977-ல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் போனார். கடைசி வரை அங்கேதான் பேராசிரியர்.

1990-ல் கேரி ஹாமெலுடன் சேர்ந்து அவர் எழுதிய ஒரு கட்டுரை அவரை உலகப் பிரசித்தமாக்கியது. கம்பெனி ஒரு மரம்; சரக்குகள் இலையும் பூவும் காயும்; வேர்தான் திறமை என்றது அது. ஹோண்டாவின் வேர் என்ஜின் செய்யும் திறமை. அதிலிருந்து மோட்டார் சைக்கிள், கார், ஜெனரேட்டர், புல்வெட்டும் இயந்திரம் எல்லாம் கிளைத்தன. வேர் ஆட்களின் கையில் இருப்பதால், நஷ்டக் கணக்கு பார்த்து ஒரு பிரிவை மூடும்போது திறமையும் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. ஆள்குறைப்பு நோட்டீஸ் ஒட்டும் நிர்வாகிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

<b>தண்ணீருக்கு 37 மடங்கு</b>

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமானது 2004-ல் வந்த அவருடைய புத்தகம். உலகத்தின் கோடானுகோடி ஏழைகளைத் தர்மம் வாங்குகிறவர்களாகப் பார்க்காதீர்கள், வாடிக்கைக்காரர்களாக மதியுங்கள் என்று கம்பெனிகளுக்குச் சொன்னார். அத்தாட்சியாக அவர் எடுத்துக்கொண்டது, திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தலைமுறைகளாக வாழும் பம்பாய் தாராவி.

பணக்காரர்கள் வசிக்கும் வார்டன் ரோட்டுடன் தாராவியை அவர் ஒப்பிட்டார். தண்ணீருக்குத் தாராவிக்காரர் கொடுத்தது 37 மடங்கு. வயிற்றுப்போக்கு மருந்துக்கு 10 மடங்கு. அரிசிக்குக்கூட 1.2 மடங்கு. கடன் வட்டி வார்டன் ரோட்டில் வருஷத்துக்கு 12 முதல் 18 சதவிகிதம். தாராவியில் 600 முதல் 1000 சதவிகிதம்! குழாயில்லாத இடத்துக்குத் தண்ணீர் லாரி வருகிறது, பாங்கி வராத இடத்துக்கு வட்டிக்காரர் வருகிறார். ஏழையாக இருப்பதற்கே ஒரு அபராதம் கட்ட வேண்டியிருக்கிறது. தினசரி வட்டிக்குக் கைமாற்று வாங்கிய எவருக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

மாற்று வழிக்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று மதுரை. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், பணம் கட்டுகிறவர்களின் வருமானத்தைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச ஆபரேஷன் நடக்கிறது. 1992-லிருந்து கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸையும் அவர்களே தயாரித்து விலையை வெகுவாகக் குறைத்தார்கள்.

<b>சக பேராசிரியரின் ஆட்சேபம்</b>

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. மிச்சிகனில் அதே கல்லூரிப் பேராசிரியரான அனீல் கர்னானி 2007-ல் பலமாக மறுத்தார். பாக்கெட்டைச் சிறிதாக்குவதால் சரக்கு மலிவாகிவிடாது. ஏழைக்கு விற்பதைவிட, ஏழை செய்வதை வாங்குவதும் நிலையான வேலை கொடுப்பதுமே அவன் வருமானத்தை உயர்த்தும் என்பது அவர் வாதம். சம்பள நாளில் கடை பாக்கியைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுகிறவர்கள் கர்னானி பக்கம் சாய்வார்கள். ஆனால் தன் புத்தகத்தில் உற்பத்தியாளரும் உண்டு என்று பிரகலாத் சொல்லலாம். ஐ.டி.சி. கம்பெனியின் இ-சௌபால் மூலம் கிராமத்துக் கம்ப்யூட்டரில் மார்க்கெட் விலை பார்த்துத் தானியம் விற்ற விவசாயிகள் அதில் வருகிறார்கள்.

2009-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 2010 ஏப்ரல் 16-ம் தேதி கலிபோர்னியாவின் சான் டியாகோவில், தமது 68-வது வயதில் பிரகலாத் காலமானார். வறுமையை எதிர்ப்பது பற்றிய கர்னானியின் புத்தகம் அடுத்த ஆண்டு, 2011-ல், வெளியாயிற்று.